லைனைக் காக்கப் பிறந்தவர்

தண்ணீரை வீணாக்காதே என்று சொல்கிறவர்கள் உலகத்தில் உண்டு. விளக்கை அணைத்துவிட்டு வா என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களால் பெரிய தொல்லை இல்லை. சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நாம் இங்கே சந்திக்கப்போகும் இனம் அவ்வளவு எளிதில் போய்விடாது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வந்து சேரும் இண்டர்நெட் லைனை மற்ற மனிதர்களிடமிருந்து காப்பாற்றுவதற்கென்றே பிறவி எடுத்த இனம் அது. லைனைக் கண்டுபிடித்தது யாரோ, தெருவைத் தோண்டிப் புதைத்தது யாரோ. காப்பாற்றும் பொறுப்பு மட்டும் இவருடையது. யார் கொடுத்தார்கள்? அவரே எடுத்துக்கொண்டார்.

இவரை அடையாளம் கண்டுகொள்வது கஷ்டமில்லை. நீங்கள் ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள். கதவு திறக்கிறது. "வாங்க, உக்காருங்க, எப்படி இருக்கீங்க, வழி தெரிஞ்சுதா?" என்று கேட்பவர் சாதாரண மனிதர். வாசலிலேயே உங்கள் சட்டைப் பையைச் சந்தேகத்தோடு பார்த்து, "ஃபோன்ல பின்னாடி ஏதாவது ஓடிக்கிட்டு இருக்கா?" என்று கேட்கிறாரா? வந்த இடம் சரிதான். ஃபோனை அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.

இந்த இனத்தின் சிறந்த மாதிரி ஒருவர் இருக்கிறார். ஒரு பார்சல் கம்பெனியில் நெட்வொர்க் பிரிவுக்குத் தலைவர். அலுவலகத்தில் முன்னால் 'சார்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'மீட்டர் சார்' என்பார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. பட்டம் கிடைத்ததாக நினைத்துக்கொண்டார்.

மீட்டர் சாருக்கு ஒரே ஒரு தத்துவம்தான். அதைச் சொல்லாமல் அவர் யாரையும் விட்டதில்லை. "வீட்டுக்கு வர்றது ஒரே குழாய். நீ முழுசாத் திறந்துவிட்டுக் குளிச்சா, நான் எப்படிப் பல்லு விளக்குறது?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? நியாயம்தான். சிக்கல் என்னவென்றால், அவருடைய உலகத்தில் குளிப்பது எப்போதும் மற்றவர்கள். பல் விளக்கக் காத்திருப்பது எப்போதும் அவர். படம் நின்றால் மகன் காரணம். குரல் அறுந்தால் மனைவி காரணம். வீட்டில் இருவருமே இல்லையா? பக்கத்து வீட்டுக்காரர் எதற்கு இருக்கிறார்?

முதலில் அலுவலகத்தைப் பார்த்துவிடுவோம். வழியில் அடிபட்ட பார்சல்களைக் கிளை அலுவலகத்துக்காரர்கள் படம் பிடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது அந்தக் கம்பெனியின் வழக்கம். படங்கள் லைனை அடைக்கின்றன என்று மீட்டர் சார் கண்டுபிடித்தார். பாதியாகச் சுருக்கி அனுப்பச் சொன்னார். சுருக்கினார்கள். லைன் லேசாயிற்று, அவருக்கு உற்சாகம் பிறந்தது. மறுபடியும் சுருக்கச் சொன்னார். உற்சாகம் வந்த மனிதர் ஓய்வாரா? சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் வந்து சேர்ந்த படத்தில் பழுப்பாக ஒரு கறை மட்டும் தெரிந்தது. அது அடிபட்ட பெட்டியா, அடிபடாத பெட்டியா, பெட்டிதானா, இல்லை படம் பிடித்தவரின் கட்டை விரலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"சார், ஃபிரிட்ஜ்ல பள்ளம் விழுந்திருக்குன்னு பார்ட்டி கத்துறாரு. இந்தப் படத்துல பள்ளம் எங்கன்னே தெரியல" என்றார் புகார்களைக் கவனிக்கும் பெண்மணி.

"பள்ளம் தெரியலைன்னா பள்ளம் இல்லைன்னு அர்த்தம். லைன் எவ்வளவு ஃப்ரீயா இருக்கு பாத்தீங்களா?"

பெண்மணி பார்த்தார். லைன் ஃப்ரீயாகத்தான் இருந்தது. ஃபிரிட்ஜ் வாங்கியவர் மட்டும் நேரில் கிளம்பி வந்துகொண்டிருந்தார்.

ஆன்லைன் மீட்டிங் வந்தால் மீட்டர் சாரின் முதல் வாக்கியம் மாறாது. "எல்லாரும் கேமராவை ஆஃப் பண்ணுங்க. முகம் பாத்து என்ன ஆகப்போகுது? குரல் வந்தாப் போதும்." அணைப்பார்கள். "மைக்கும் ஆஃப் பண்ணுங்க. பேச வேண்டியவங்க மட்டும் பேசுங்க." அதையும் அணைப்பார்கள். பிறகு பேச வேண்டியவர் பேசுவார். அது அவர்தான். தன் கேமராவை மட்டும் எரியவிட்டு, பின்னணியில் பூமி உருண்டை சுற்றும்படி ஒரு படத்தை ஓடவிட்டு, லைனை எப்படியெல்லாம் மிச்சம் பிடிக்கலாம் என்று மூச்சுவிடாமல் பேசுவார். கிளை அலுவலகங்களில் ஒருவர் தேநீர் குடிப்பார், ஒருவர் நகம் வெட்டுவார், ஒருவர் தூங்கியே போவார். அந்த வகையில் மீட்டிங் எல்லோருக்கும் பயனுள்ளதாகவே முடியும்.

சரி, வீட்டுக்கு வருவோம். அலுவலகத்தில் ஒரு மனிதர் செய்வதைச் சம்பளத்துக்காகச் செய்கிறார் என்று மன்னிக்கலாம். வீட்டில் செய்வதற்கு என்ன சாக்கு?

மீட்டர் சாரின் வீட்டில் ரௌட்டர் என்னும் அந்தப் பெட்டி அலமாரியின் உச்சியில் அமர்ந்திருக்கும். அதன் முன்னால் பாத்திரம் வைக்கக்கூடாது. அதன் கீழே மீன் தொட்டி வைக்கக்கூடாது; இருந்த தொட்டியை மீன்களோடு பால்கனிக்கு அனுப்பிவிட்டார். காற்றில் வரும் சிக்னலில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கையும் இல்லை. "காத்துல வர்றது காத்தோட போயிடும். வயர்தான் வாக்குத் தவறாது" என்று சொல்லி, அலமாரி உச்சியிலிருந்து தன் மேஜை வரைக்கும் ஒரு நீல வயரை இழுத்திருக்கிறார். அது குளியலறை வாசலைத் தாண்டித்தான் போகும். அந்த வீட்டில் குளித்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு காலைத் தூக்கித்தான் வெளியே வருவார்கள். பழகிவிட்டது. வயர் இல்லாத வீடுகளிலும் தூக்குகிறார்கள்.

அவர் ஃபோனில் பேசும்போது மைக்ரோவேவ் அடுப்பைப் போடக்கூடாது. அடுப்பின் அலையும் வைஃபையின் அலையும் முட்டிக்கொள்ளுமாம். அது உண்மைதான் என்பது வீட்டாரின் துரதிர்ஷ்டம். அவர் பேசி முடிப்பதற்குள் பசி போய்விடும் என்பதால் சாப்பாட்டை ஆறியபடியே சாப்பிடப் பழகிக்கொண்டார்கள்.

வீட்டில் யாருக்கு எவ்வளவு லைன் என்பதை அவர் முறையாகப் பங்கிட்டிருக்கிறார். முதல் இடம் அவருடைய ஃபோனுக்கு. இரண்டாவது இடம் அவருடைய லேப்டாப்புக்கு. அப்புறம் மகள், அப்புறம் மனைவி. கல்லூரியில் படிக்கும் மகனுக்கு, நெட்டில் ஓடும் வாசல் காலிங் பெல்லுக்கும் கீழே ஓர் இடம். விருந்தாளிகளுக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு உண்டு. அது கொஞ்ச நேரத்தில் தானாகவே செத்துப்போகும். வீட்டம்மாவின் தம்பி ஒருமுறை வந்து தங்கியபோது, வீடியோ காலில் தன் குழந்தை முதல் அடி எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை காலைத் தூக்கியது. பாஸ்வேர்டு செத்தது. கால் கீழே வந்ததா இல்லையா என்று மனிதர் பதைத்துப்போனார்.

"என்ன மச்சான் இது, நல்ல நேரத்துல!"

"கவலைப்படாதீங்க மாப்ள. எடுத்த கால் எங்க போகப்போகுது, கீழதான் வரும்."

அதற்குப் பிறகு மைத்துனர் வருவதில்லை. லைன் கொஞ்சம் மிச்சமானதாக மீட்டர் சார் குறிப்பிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரரையும் விட்டுவைக்கவில்லை. அவருடைய பெட்டியின் அலைவரிசை தன் வீட்டுக்குள் மூக்கை நுழைப்பதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னார். "நீங்க வேற சேனலுக்கு மாறிக்கங்க" என்று நின்ற நிலையில் உத்தரவு போட்டார். நல்ல மனிதர், மாற்றிக்கொண்டார். கூடவே தன் வைஃபையின் பெயரையும் மாற்றிவிட்டார். அன்று முதல் மீட்டர் சார் தன் ஃபோனைத் திறந்து அருகிலுள்ள இணைப்புகளைப் பார்க்கும்போதெல்லாம், 'விடுங்க சார் போதும்' என்ற பெயர் முழு சிக்னலோடு ஒளிரும்.

ஆனால் இதெல்லாம் சில்லறை. இந்த இனத்தின் உண்மையான வழிபாடு ஒன்று உண்டு. அதுதான் ஸ்பீடு பார்ப்பது.

காலையில் கண் விழித்ததும் மனைவி முகத்தில் விழிக்கிறவர்கள் உண்டு, கண்ணாடியில் விழிக்கிறவர்கள் உண்டு. மீட்டர் சார் ஸ்பீடில் விழிப்பார். ஃபோனை எடுப்பார். திரையில் பெரிய வட்டம் ஒன்று வரும். புருவத்தைத் தூக்கிக்கொண்டு ஆள்காட்டி விரலால் அதை அழுத்துவார். முள் மேலே ஏறும். அவர் தாடையும் கூடவே ஏறும். எண் நிறைய வந்தால் நிம்மதி. கொஞ்ச நேரத்தில் அந்த நிம்மதி தாங்காது, நிஜமாகவே நிறையத்தானா என்று மறுபடி அழுத்துவார். எண் குறைவாக வந்தால் கேட்கவே வேண்டாம். "யாரோ உறிஞ்சுறாங்க!" என்று அறை அறையாகக் கிளம்பிவிடுவார். சாப்பிடுமுன் அழுத்துவார், சாப்பிட்டபின் அழுத்துவார். மகனைத் திட்டும்போது வாய் திட்டும், விரல் அழுத்தும்.

"என்னங்க, டிவியில படம் நின்னுபோச்சு. வட்டம் சுத்துது" என்பார் வீட்டம்மா.

"அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நீங்க பாக்க ஆரம்பிச்சப்புறம்தான் நின்னுச்சு."

"நின்னதாலதான் பாக்குறேன்."

எது முதலில், எது பிறகு என்று அந்த வீட்டில் யாரும் தீர விசாரித்ததில்லை. நெட்வொர்க் பிரிவின் தலைவரிடம் யார் விசாரிப்பது?

இப்படியே போயிருந்தால் மீட்டர் சார் ஒரு வேடிக்கை மனிதர் என்று சிரித்துவிட்டு நாமும் போயிருக்கலாம். மகளின் வேலை விஷயம் நடுவில் வந்தது.

மகள் சைகை மொழி படித்தவள். கல்லூரி விடுதியில் அவளோடு தங்கியிருந்த தோழிக்குக் காது கேட்காது. தோழியோடு சண்டை போடுவதற்காகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தவள், அதையே முறையாகப் படித்துத் தேர்ந்துவிட்டாள். காது கேளாத நோயாளிகள் மருத்துவமனைக்குப் போனால், அவர்களுக்கும் டாக்டருக்கும் நடுவே வீடியோவில் ஒருவர் வந்து, கையால் சொல்வதை வாயாலும், வாயால் சொல்வதைக் கையாலும் மாற்றிச் சொல்லுவார். வீட்டிலிருந்தே செய்கிற வேலை. அந்த வேலைக்குத்தான் மகள் ஆசைப்பட்டாள். சாதாரண ஆசையில்லை, அவள் தோழி ஒருமுறை ஆஸ்பத்திரியில் தன் வலியைச் சொல்ல ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்த ஆசை.

முதல் தேர்வில் தோற்றாள். திறமை இல்லாமல் இல்லை. கை அசைந்துகொண்டிருந்தபோதே படம் உறைந்துவிட்டது, ஒருமுறை அல்ல, பலமுறை. "உங்க லைன் இந்த வேலைக்குத் தாங்காது போலிருக்கே" என்று சொல்லிவிட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு வாய்ப்பு வாங்கினாள். அதுவும் போனால் அவ்வளவுதான் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

"நான் வேணும்னா என் ஃப்ரெண்டு வீட்டுல போய் உக்காந்து டெஸ்ட் குடுக்கவாப்பா?" என்று மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

மீட்டர் சாருக்கு நெஞ்சில் குத்தியது போல் ஆயிற்று. "என்ன பேச்சு பேசுற? நான் இருக்கிற வீட்டுல லைன் சரியில்லைன்னு நீ வெளிய போய் உக்காருவியா? நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க? இந்த வீட்டுல எவன் உறிஞ்சினான்னு தெரியல, அதான் போன தடவை போச்சு. இந்தத் தடவை நான் பாத்துக்கிறேன்."

அவர் பார்த்துக்கொள்வார் என்பதுதான் மகளின் கவலையே. ஆனாலும் வேறு வழி இல்லை. இந்த வீட்டில்தான் வேலை செய்யப்போகிறாள், இந்த வீட்டிலிருந்துதான் தேர்வும் கொடுக்க வேண்டும் என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள்.

தேர்வு நாளன்று மீட்டர் சாரைப் பார்த்திருக்க வேண்டும். லீவு போட்டுவிட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். மகனை ஃபோனோடு மைதானத்துக்குத் துரத்தினார். மனைவியின் ஃபோனை அணைத்தார். டிவியின் வயரைப் பிடுங்கினார். வாஷிங் மெஷினுக்கும் நெட் உண்டு என்று நினைவு வந்து, துணி நனைந்துகொண்டிருக்கும்போதே அதையும் பிடுங்கினார். காலிங் பெல்லைக் கழற்றினார். பக்கத்து வீட்டுக்குப் போய், வாழ்க்கையில் முதல்முறையாகக் கும்பிட்டார்.

"பொண்ணுக்கு இன்டர்வியூ. கொஞ்ச நேரம் உங்க பெட்டியை அணைச்சு வைக்க முடியுமா?"

"உங்களுக்குன்னா மாட்டேன். பொண்ணுக்குன்னா அணைக்கிறேன்" என்று சொல்லி அந்த நல்ல மனிதர் அணைத்தார்.

முழு லைனும் மகளுக்காகக் காலியாகக் கிடந்தது. தன் மேஜைக்குப் போன நீல வயரைக்கூடப் பிடுங்கி அவள் லேப்டாப்பில் செருகிவிட்டார். தன் கையாலேயே அதைச் செய்தார் என்று சொன்னால் நம்புவீர்களா? செய்யத்தான் செய்தார். பிரியம் இல்லாத மனிதர் அல்ல அவர். ஒரே ஒரு ஃபோன் மட்டும் வைஃபையில் மிச்சம் இருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது காவல்காரரின் ஃபோன் ஆயிற்றே.

மகள் அறைக்குள் உட்கார்ந்தாள். திரையில் இரண்டு பேர். ஒருவர் டாக்டரம்மா. இன்னொருவர் தலைமைத் தேர்வாளர், நரைத்த தாடிக்காரர், பிறவியிலேயே காது கேளாதவர். அவர் நோயாளியாக நடிப்பார், டாக்டரம்மா டாக்டராகவே இருப்பார், நடுவில் மகள். தொடங்குமுன் டாக்டரம்மா விதியைச் சொன்னார்.

"அறையில யாரு எதைப் பேசினாலும் நீங்க மாத்திச் சொல்லணும். சேக்கவும் கூடாது, மறைக்கவும் கூடாது. நல்ல வார்த்தையா இருந்தாலும் சரி, கெட்ட வார்த்தையா இருந்தாலும் சரி."

நன்றாகத்தான் ஆரம்பித்தது. தேர்வாளர் முகத்தைச் சுளித்து வயிற்றைத் தொட்டுக் காட்டினார். மகள் வாயால் சொன்னாள். டாக்டரம்மா கேள்வி கேட்டார். மகள் கையால் சொன்னாள். கூடத்தில் மீட்டர் சார் உலாத்திக்கொண்டிருந்தார். லைன் எப்படி இருக்கிறதோ? போன தடவை மாதிரி ஆகிவிட்டால்? ஒரே ஒருமுறை பார்த்துவிடலாம். விரல் இறங்கியது. முள் ஏறியது. அப்பாடா, வாழ்க்கையில் காணாத எண்!

அறைக்குள் திரை உறைந்தது.

"வலி இடது பக்கமா, வலது பக்கமான்னு கேட்டேன். உங்க பதில் வரல" என்றார் டாக்டரம்மா, படம் உயிர் பெற்றதும். "நிஜ நோயாளியா இருந்தா நான் எந்தப் பக்கம் கத்தி வைக்கிறது?"

"அம்மா, கட் ஆகுது!" என்று மகள் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். அவள் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

கட் ஆகிறதா? மீட்டர் சாருக்கு ரத்தம் கொதித்தது. உடனே அழுத்தினார். பழையபடி பிரமாதமான எண். உள்ளே மறுபடி உறைந்தது. ஜன்னல் வழியாக மகனைத் தேடினார். மைதானத்தில் பத்திரமாக நின்றான். பக்கத்து வீட்டுப் பெட்டி செத்துக் கிடந்தது. எங்கிருந்து உறிஞ்சுகிறார்கள்? யாருமே இல்லையே! யோசித்தார். யோசிக்க யோசிக்க உண்மை விளங்கியது. தப்பு இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கம்தான்!

உண்மை விளங்கிய மனிதர் கூடத்திலேயே நிற்பாரா? ஃபோனை நீட்டிப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தார். மகளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துப் பேசினார்.

"மன்னிக்கணும் மேடம். எங்க பக்கம் லைன் சுத்தம். இருங்க, நேர்லயே காட்டுறேன்."

அழுத்தினார். உறைந்தது. உயிர் பெற்றது.

"பாத்தீங்களா எவ்வளவு காட்டுதுன்னு? பாக்கலையா? இன்னொரு தடவை காட்டுறேன்."

அழுத்தினார். உறைந்தது.

மூன்றாம் முறையும் அழுத்தி, படம் உறைந்து மீண்டும் உயிர் பெற்றபோது, நரைத்த தாடிக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வேகமாகக் கை அசைத்தார். மகள் ஒரு நொடி தயங்கினாள். டாக்டரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மகளுக்கு உறைத்தது: தேர்வு நிற்கவில்லை. நடந்துகொண்டுதான் இருக்கிறது. விதி விதிதான். வாயைத் திறந்தாள்.

"உங்க படம் நிக்கும்போதெல்லாம், நின்ன படத்துல உங்க பின்னாடி இருக்கிறவரோட விரல் அந்த ஃபோன் மேலதான் இருக்கு. ஒரு தடவை இல்ல, மூணு தடவையும். யாரு அவரு?"

அதே மூச்சில் கையால் பதிலும் சொன்னாள். அப்பா.

மீட்டர் சாரின் முகம் சிவந்தது. "என்னது? நான் பத்தாயிரம் பார்சல் போற கம்பெனிக்கு நெட்வொர்க் ஹெட்! லைனைப் பத்தி எனக்கே பாடம் எடுக்குறாரா? அவருக்கு என்ன தெரியும்னு கேளு!"

இதைச் சொல்வதா? சொன்னால் வேலை போய்விடுமோ? மறைத்தால் விதி போய்விடுமே? மகளின் கைகள் எழுந்தன. அப்பா சொன்ன ஒவ்வொரு சொல்லையும், அந்த 'எனக்கே'வில் அவர் மோவாயைத் தூக்கியதைக்கூட விடாமல், அப்படியே சொன்னாள். தேர்வாளர் கவனமாகப் பார்த்தார். நிதானமாகப் பதில் சொன்னார். மகள் அதை அப்பாவின் முகத்தைப் பார்த்து, கொஞ்சம்கூடக் குரல் உயர்த்தாமல் தமிழில் சொன்னாள்.

"எனக்குத் தெரிஞ்சது ரொம்பக் கம்மி. வீட்டுக்கு வர்றது ஒரே குழாய். எவ்வளவு தண்ணி வருதுன்னு பாக்குறதுக்காக அவரே முழுசாத் திறந்துவிட்டா, உங்க வாளியில என்ன விழும்? ஸ்பீடு பாக்குற அந்தச் சின்ன வேலை முழு லைனையும் குடிச்சாத்தானே அந்த எண்ணையே காட்ட முடியும்?"

இத்தனை வருடம் அந்த வீட்டில் எல்லோருடைய தொண்டையிலும் சிக்கிக் கிடந்தது, கடைசியில் காது கேளாத ஒருவரின் கையிலிருந்து புறப்பட்டு மகளின் வாய் வழியாக வெளியே வந்து விழுந்தது. அதை அவள் சொன்னதாகவும் சொல்ல முடியாது. மாற்றித்தான் சொன்னாள்.

எது நடந்தாலும் மீட்டர் சார் எப்போதும் செய்வது ஒன்று உண்டல்லவா? புருவம் ஏறியது, விரல் தன்பாட்டுக்கு வட்டத்தை நோக்கி இறங்கியது.

"குடுங்க அதை" என்றார் வீட்டம்மா.

அறை வாசலில் எப்போது வந்து நின்றார் என்று யாருக்கும் தெரியாது. கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினார். நேரே போனார். நனைந்த துணிகளோடு நின்றுபோயிருந்த வாஷிங் மெஷினைத் திறந்து, அதற்குள் போட்டு மூடிவிட்டு வந்தார். கணவர் பின்னாலேயே ஓடினார். அறைக் கதவு சாத்தப்பட்டது.

அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் படம் நிற்கவில்லை. வலி இடது பக்கம்தான் என்பது டாக்டரம்மாவுக்குத் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. முடிவில் டாக்டரம்மா சொன்னார்: "நீங்க எதையாவது மறைக்கிறீங்களான்னு பாக்க நாங்க ஏற்பாடு பண்ணியிருந்த சண்டைக் காட்சி இன்னும் இருக்கு. ஆனா அது தேவையில்லை. சொந்த அப்பா பேசினதையே மறைக்காம சொல்லிட்டீங்க, இனிமே யார் பேச்சை மறைக்கப்போறீங்க?" வேலை கிடைத்தது. மகள் கதவைத் திறந்து வெளியே வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மீட்டர் சார் என்ன சொன்னார் என்று கேட்கிறீர்களா? "பாத்தியா? நான் அத்தனையையும் ஆஃப் பண்ணி வெச்சதாலதான் கிடைச்சுது" என்றார். ஃபோனைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். அடுத்த மீட்டிங்கில் கிளை அலுவலகங்களுக்கும் இந்த வெற்றிக் கதை சொல்லப்பட்டது. எல்லோரும் கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டார்கள்.

காது கேளாதவர்களின் உலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவரைப் பெயர் சொல்லி எழுத்தெழுத்தாகக் கூப்பிட மாட்டார்கள். அவரிடம் இருக்கும் ஏதாவது ஓர் அடையாளத்தைப் பிடித்து, அதையே சைகைப் பெயராக வைத்துவிடுவார்கள். மகள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நரைத்த தாடிக்காரர் அவள் அப்பாவுக்கு ஒரு பெயர் வைத்தார். இடது உள்ளங்கையை விரித்து, வலது ஆள்காட்டி விரலால் அதை அழுத்தி, புருவத்தைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான்.

"அப்படின்னா என்ன அர்த்தம்?" என்று மீட்டர் சார் ஆவலோடு கேட்டார்.

"உங்க வேலையைத்தான்பா காட்டுறாங்க" என்றாள் மகள். பொய் இல்லை.

மனிதர் பூரித்துப்போனார். அலுவலகத்தில் புகார்களைக் கவனிக்கும் பெண்மணி முதல் வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் செய்து காட்டினார். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் இப்போதெல்லாம் மனைவியோ மகனோ பேசாமல் உள்ளங்கையை ஒருமுறை அழுத்தினால் போதும், மற்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தட்டுக்குள் குனிந்துகொள்கிறார்கள். லைனில் ஒரு துளி செலவில்லை. அவருக்கு அதில் மிகவும் திருப்தி.

திருந்தினாரா? திருந்தாமல் என்ன? மகள் வேலையில் இருக்கும் நேரத்தில் அவர் தன் வீட்டு லைனைத் தொடுவதே இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கே உட்கார்ந்து அந்த வீட்டு ஸ்பீடைப் பார்க்கிறார். அந்த வீட்டுக்காரரின் படங்கள் இப்போது அடிக்கடி உறைகின்றன. போன வாரம் அவர் தன் வைஃபையின் பெயரை மறுபடி மாற்றியிருக்கிறார். அதை இங்கே அச்சில் போட முடியாது.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். இப்படி ஒருவர் எங்கள் மாமா, எங்கள் மேனேஜர், மாடி வீட்டுக்காரர் என்று மனதுக்குள் ஆளையும் பிடித்துவிட்டீர்கள். நல்லது. ஒரே ஒரு சந்தேகம். போன முறை பக்கத்து அறையிலிருந்து யாரோ "கட் ஆகுது" என்று கத்தியபோது, எழுந்து போய் என்னவென்று கேட்டீர்களா, அல்லது இருந்த இடத்திலேயே ஃபோனை எடுத்தீர்களா? ஃபோனைத்தானே? இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, உங்கள் வீட்டில் எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட ஓர் ஆசை வந்ததா இல்லையா? புருவத்தைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள்.

ஏறியிருக்கிறதா? சரி, பரவாயில்லை. விரலை மட்டும் எடுத்துவிடுங்கள். பக்கத்து அறையில் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்.